கரப்பானுக்கு வாங்கியதெல்லாம்: திருப்பூரிலிருந்து மூன்று வருஷக் கணக்கு

நட்சத்திரம் போடுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அரிப்பு நின்ற அன்று எந்தக் களிம்புக்கும் ஐந்து போடத் தோன்றும், அடுத்த வாரம் திரும்ப வந்தால் அதே களிம்பைக் குப்பையில் எறியத் தோன்றும். அதனால் இங்கே நான் சொல்லும் எண்ணெல்லாம் போயம் கணக்கு. பிரிட்டனில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் எக்ஸிமா, அதாவது கரப்பான், உள்ளவர்களுக்காக உருவாக்கிய ஏழு கேள்வித் தாள் அது. போன ஏழு நாளில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டது, எத்தனை நாள் ரத்தம் வந்தது, நீர் வடிந்தது, வெடித்தது, செதில் உதிர்ந்தது, வறண்டு சொரசொரத்தது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 28. 17-ஐத் தொட்டால் கடுமை, 25-ஐத் தொட்டால் மிகக் கடுமை. நான் முதல் தடவை போட்டுப் பார்த்தபோது 26. இப்போது 6, 7 என்று ஓடுகிறது. நடுவில் நான் வாங்கித் தின்றது, பூசியது, நின்றது, கட்டிக்கொண்டது எல்லாவற்றையும் பற்றித்தான் இந்த விமர்சனம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வயது 32, திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சின்ன வயதில் முழங்கை மடிப்பில் கரப்பான் இருந்தது, வயதுக்கு வந்ததும் போய்விடும் என்றார்கள், போனது. 28-இல் திரும்ப வந்தபோது கழுத்து, கண்ணிமை, இரண்டு கை, முழங்கால் மடிப்பு, முதுகில் பாதி என்று மொத்தமாக வந்தது. காலையில் விரிப்பை உதறினால் தவிடு மாதிரிக் கொட்டும். நீர் வடிந்து காய்ந்த இடத்தில் சுடிதார் கை ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் பொருக்கோடு வரும் என்று குளியலறையில் உட்கார்ந்து வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற வைத்துத்தான் கழற்றுவேன். அதற்கே இருபது நிமிஷம். ஷிப்மென்ட் நாளில் எட்டு மணிக்கு கம்பெனியில் இருக்க வேண்டுமென்றால் ஐந்தரைக்கு எழுந்து சட்டையை ஊற வைக்க வேண்டும். இதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. "வெறும் அரிப்புத்தானே" என்பார்கள்.

முதலில் வாங்கியது, எல்லாரையும் போல, மெடிக்கலில் கேட்டு வாங்கிய ட்யூப். பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று என மூன்று மருந்தைக் கலந்து அடைத்தது. எது என்னுடைய நோய் என்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, மூன்றில் ஒன்று பட்டுவிடாதா என்கிற கணக்கு. இரண்டே நாளில் அடங்கியது பாருங்கள், மந்திரம் மாதிரி. ட்யூப் தீர்ந்ததும் ஒன்றரை மடங்காகத் திரும்பியது. இப்படியே ஒரு வருஷம். 2018-லேயே ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதியை மாற்றிவிட்டது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். என்னிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. அந்த ஒரு வருஷத்தின் ரசீது என் தொடையின் உட்பக்கத்தில் சிவப்புக் கோடுகளாக இருக்கிறது, தோல் மெலிந்து விரிந்த தழும்பு, போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்புறம் நாட்டு வைத்தியம். இதில் இரண்டு அனுபவம், இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். வெட்பாலைத் தைலம் அம்மா வீட்டிலேயே போட்டது. இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் நாலைந்து நாளில் எண்ணெய் கத்திரிக்காய் நிறத்துக்கு மாறும், அழகாக இருக்கும். வறண்ட இடத்துக்கு இதமாக இருந்தது. நீர் வடியும் இடத்தில் ஒன்றும் செய்யவில்லை. தலையணை உறை நான்கு ஊதாவாகிப் போனது. கூடவே பத்தியம்: கத்திரிக்காய், கருவாடு, கம்பு, சோளம் எதுவும் கூடாது, எல்லாம் கரப்பான் பண்டம். நாலு மாசம் இருந்தேன், ஆறு கிலோ இறங்கினேன், போயம் இரண்டு எண் கூட இறங்கவில்லை. சரி, இதில் பெரிய நஷ்டம் இல்லை.

இரண்டாவது அனுபவம் வேறு. சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, ஊர் பேர் வேண்டாம், ஓர் இடத்தில் கறுப்பு உருண்டை வாங்கினேன். எழுத்து ஒன்றும் இல்லாத பொட்டலம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பத்தே நாளில் தோல் பளிங்கு மாதிரி ஆனது. பசி பயங்கரமாக எடுத்தது. ஆறாவது வாரம் முகம் உப்பி, போட்டோவில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தினேன், அது அடுத்த தப்பு. எழுந்தால் தலை சுற்றல், உடம்பெல்லாம் சோர்வு, நான்காம் நாள் தோல் மொத்தமும் நெருப்பாகத் திரும்பியது. பின்னால் பார்த்த டாக்டர் முதல் வேலையாகக் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்து கார்ட்டிசால், அதாவது உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு, எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார், குறைவாக இருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனால் உடம்பு தன்னுடையதைச் சுரப்பதை நிறுத்திவிடும், அதனால்தான் திடீரென்று நிறுத்தக் கூடாது. பெயர், அளவு, தேதி எழுதாத மருந்து எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அந்த 'நன்றாக'த்தான் சந்தேகத்துக்குரியது என்று அன்றைக்குப் புரிந்தது.

இடையில் இரண்டு வெட்டிச் செலவு, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை. ரிசல்ட்டில் பால், கோதுமை, வேர்க்கடலை, தக்காளி எல்லாவற்றுக்கும் சிவப்புக் கட்டம். அதில் பாதியை வாழ்க்கை பூராவும் சாப்பிட்டு வருகிறேன். ரத்தத்தில் காட்டுவதும், சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாததும் இரண்டு விஷயமாம். இன்னொன்று, குளியலறைக் குழாயில் மாட்டும் வடிகட்டி. எங்கள் போர் தண்ணீர் சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீர், அதனால் தான் அரிக்கிறது என்று நம்பி வாங்கினேன். ஒரு மாசத்தில் பக்கெட்டில் படியும் வெள்ளை அப்படியே படிந்தது. கடினத்தன்மையை உண்மையிலேயே எடுக்க வேண்டுமென்றால் உப்புப் போட்டு ஓட்டும் ரெசின் இயந்திரம் வேண்டும். அதையும் பிரிட்டனில் 336 குழந்தைகளின் வீட்டில் வைத்துச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள், எக்ஸிமாவுக்குத் தனியாகப் பலன் தெரியவில்லை. படித்துவிட்டு அந்த ஆசையையும் விட்டேன்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்தில் நான் பெற்ற சேவைகளிலேயே உசத்தியானது எது என்று கேட்டால், கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில், டாக்டர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில், ஒரு நர்ஸ் எனக்காகச் செலவழித்த அரை மணி நேரம். தனியாக அதற்குப் பில்லே போடவில்லை.

அங்கே வரிசை பெரிது. ஏழரைக்கு ஓ.பி. சீட்டுப் போட்டால் பதினொன்றுக்குத்தான் உள்ளே போவோம். டாக்டர் பார்த்தார், பின்கதை கேட்டார், கார்ட்டிசாலுக்கு எழுதினார், மாணவர்கள் நாலு பேருக்கு என் முழங்கையைக் காட்டினார். என் தோலைப் பற்றி இரண்டே வரியில் சொன்னார். தோலின் மேலடுக்கைக் கட்டி வைக்க ஃபிலாக்ரின் என்று ஒரு புரதம் இருக்கிறது, அதற்கான மரபணுவில் குறை இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006-இல் கண்டுபிடித்தார்கள், எல்லாருக்கும் அதுதான் காரணம் என்று இல்லை, ஆனாலும் எல்லாருக்குமே வேலி பலவீனம். ஓடு விலகிய வீடு மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் தூசி, சோப்பு, கிருமி உள்ளே இறங்கும், உள்ளே இருப்பவர்கள் சண்டைக்குக் கிளம்புவார்கள். சண்டையை அடக்கவும் வேண்டும், ஓடும் மாற்ற வேண்டும். ஸ்டீராய்டு களிம்பு சண்டைக்கு, ஈரப்பூச்சு ஓட்டுக்கு.

வெளியே வந்தால் அந்த சிஸ்டர் கையில் என் சீட்டு. "அம்மிணி, இதுவரைக்கும் எவ்வளவு பூசிட்டு இருந்தீங்க, காட்டுங்க" என்றார். நான் பட்டாணி அளவு பிதுக்கிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, என் ஆள்காட்டி விரலைப் பிடித்து நீட்டி, நுனியிலிருந்து முதல் ரேகை வரைக்கும் ட்யூபிலிருந்து ஒரு கோடு போட்டார். அது அரை கிராம். அரை கிராம் என் கை இரண்டை, விரலோடு சேர்த்து விரித்து வைத்தால் எவ்வளவு இடமோ அவ்வளவுக்குத்தான் வரும். அப்புறம் என் உள்ளங்கையை வைத்து என் உடம்பிலேயே அளந்தார்: கழுத்து இரண்டு, கை இரண்டும் ஆறு, முதுகு ஏழு, கால் ஐந்து. இருபது. ஆக ஒரு வேளைக்குப் பத்து விரல்கோடு, ஐந்து கிராம். 15 கிராம் ட்யூப் மூன்றே நாளில் தீர வேண்டும். நான் அதை ஒரு மாசம் ஓட்டிக்கொண்டிருந்தேன், அதுவும் ஸ்டீராய்டு என்று பயந்து பயந்து.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் கம்பெனியில் துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று பார்க்க ஒரு தராசு உண்டு. வட்டக் கட்டரால் நூறு சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி வைத்தால் கிராமில் இரண்டு தசம இடம் காட்டும், அதை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். மறுநாள் மதிய சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் புது ட்யூபை அதில் வைத்தேன். 19.84. ராத்திரி சிஸ்டர் சொன்னபடி பூசி, அடுத்த நாள் திரும்ப வைத்தேன். 14.91. ஏறத்தாழ சரியாக ஐந்து கிராம். பையில் கிடந்த பழைய ட்யூப்பையும் வைத்துப் பார்த்தேன், ஐந்து வாரத்தில் பதினொரு கிராம் குறைந்திருந்தது. தினமும் மூன்றில் ஒரு கிராம், இருபது உள்ளங்கை இடத்துக்கு. வீரியம் கூடிய மருந்தைக் கொசுறு அளவில், நிறுத்தாமல், மாசக் கணக்கில். நோயும் அடங்கவில்லை, தோலும் மெலிந்தது. எந்தச் சீட்டிலும் "தினமும் தடவவும்" என்று மட்டும்தான் எழுதியிருந்தது, எவ்வளவு என்று ஒருவரும் எழுதியதில்லை. துணிக்கு 160 ஜிஎஸ்எம் என்றால் 155 வந்தாலே திருப்பி அனுப்பும் ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் மருந்தைக் கண்ணளவில் பூசியிருக்கிறேன் என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

பத்து நாள் தினமும் ஒரு வேளை முழு அளவு. அடங்கியதும் அப்படியே விட்டுவிடாமல், வழக்கமாகக் கிளம்பும் இடங்களில் மட்டும் சனி, ஞாயிறு இரண்டு நாள். இதை இன்னும் செய்கிறேன். கணக்குப் பார்த்தால் இப்போது மாசத்துக்கு ஆகும் ஸ்டீராய்டு அந்த மூன்று கலவை ட்யூப் காலத்தைவிடக் குறைவு. (இது எனக்கு என் டாக்டர் சொன்ன கணக்கு. உங்கள் ட்யூபின் வீரியம் வேறாக இருக்கும், முகத்துக்கும் குழந்தைக்கும் கணக்கே வேறு. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.)

அடுத்த பொருள் ஈரப்பூச்சு. பம்ப் வைத்த அழகான பாட்டில்கள் எட்டு வாங்கியிருப்பேன். ஓட்ஸ், கற்றாழை, பாதாம். வெடித்த தோலில் லோஷன் பட்டால் எரியும், அதில் தண்ணீர் அதிகம், தண்ணீர் இருந்தால் கெடாமல் இருக்க ஏதாவது சேர்த்தாக வேண்டும். கடைசியில் நின்றது வெள்ளை சாஃப்ட் பாரஃபினும் லிக்விட் பாரஃபினும் பாதிக்குப் பாதி கலந்த மொட்டைக் களிம்பு. வாசனை கிடையாது, விளம்பரம் கிடையாது, டப்பாவில் படம் கூட இல்லை. உடம்பு முழுக்கப் பூசும் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் ஆகும் என்று சொல்வார்கள், எனக்கு 300 ஆனது. முன்பெல்லாம் 100 மில்லி பாட்டிலை இரண்டு மாசம் வைத்திருந்தவள் நான். இதிலும் அதே கதைதான், பொருளைக் குறை சொல்லிக்கொண்டு அளவைப் பார்க்காமல் இருந்தது.

பூசும் முறை: ஐந்து பத்து நிமிஷக் குளியல், வெந்நீர் கூடாது, பீர்க்கங்காய் நார் கூடாது, ஒற்றித் துடைத்து ஈரம் காய்வதற்குள் மூன்று நிமிஷத்தில். மயிர் படிந்திருக்கும் திசையிலேயே கையை இறக்க வேண்டும், எதிர்த்துத் தேய்த்தால் வேர்க்கால் அடைத்துக் கொப்புளம் வரும். சித்திரை வெயிலில் எனக்கு அப்படித்தான் வந்தது, முதுகெல்லாம் வேர்க்குருவும் கொப்புளமும். அதனால் மாசி முதல் ஆனி வரைக்கும் பகலில் கொஞ்சம் லேசான கிரீம், களிம்பு ராத்திரிக்கு மட்டும். குறைகளும் உண்டு. விரிப்பு எண்ணெய்ப் பிசுக்காகும், வாஷிங் மெஷின் ரப்பர் இளகிப் போனது, குளியலறைத் தரை வழுக்கும், ஒரு தடவை அம்மா விழப்பார்த்தார்கள். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்: பாரஃபின் ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. அந்த நைட்டியோடு அடுப்படியில் நிற்காதீர்கள், விளக்கு ஏற்றக் குனியாதீர்கள். எங்கள் வீட்டில் காலை டீ இப்போது அப்பா பொறுப்பு.

ஈரக்கட்டுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பொருள், அதை நானே தயாரித்தேன் என்பதால் பாரபட்சம் இருக்கலாம். களிம்பு பூசியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தி ஒரு அடுக்கு, அதன் மேல் உலர்ந்தது ஒரு அடுக்கு. இதற்கென்று குழாய் வடிவத் துணி ஆன்லைனில் விற்கிறார்கள், விலையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இருப்பது திருப்பூரில், வட்டப் பின்னல் மெஷின் கக்குவதே குழாய்த் துணிதான். சாம்பிள் ரூமில் மீதியான, இழுத்தால் நீளும் ரிப் துணியைக் கைக்கும், இரட்டைப் பின்னலான இன்டர்லாக்கைக் காலுக்கும் வெட்டினேன். முதல் தடவை தப்புச் செய்தேன், மெஷினிலிருந்து வந்தபடியே இருக்கும், அலசாத கிரே துணியை எடுத்துவிட்டேன், அதில் பின்னல் எண்ணெய் இருக்கும், அரித்து எடுத்துவிட்டது. அப்புறம் ஆர்எஃப்டி துணி, அதாவது சாயத்துக்குத் தயாராக அலசி வெளுத்தது, வெளிச்சத்துக்கு நீலம் பூக்கும் பிரைட்னர் போடாதது, சாஃப்ட்னர் ஏற்றாதது. அதையும் மூன்று தண்ணீர் அலசி, தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி மாட்டினேன்.

முதல் ராத்திரி பத்தரைக்குக் கட்டினேன். ஈரம் உலர உலரத் தோல் குளிர்ந்து, அரிப்பு தூரத்தில் எங்கேயோ போய் நின்றது. கண் விழித்தபோது மணி நாலேகால். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே தூக்கம், அதற்கு முன் எப்போது அப்படித் தூங்கினேன் என்று ஞாபகமே இல்லை. எழுந்து உட்கார்ந்து அழுதேன், அம்மா ஓடி வந்து "என்ன கண்ணு, எரியுதா" என்று கேட்டார்கள். டாக்டர் ஏழு ராத்திரிதான் அனுமதித்திருந்தார், கட்டுக்குள்ளே ஸ்டீராய்டு அதிகமாக உள்ளிறங்கும், சீழ் பிடித்த இடத்தில் கட்டவே கூடாது. நீர் வடிந்த இரண்டு இடத்துக்கு முதல் மூன்று நாள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஒத்தடம் மட்டும், வெளிர் ரோஜா நிறத்துக்குக் கரைத்து. நகமும் பக்கெட்டும் பழுப்பானது தவிர அதில் குறை இல்லை. மூன்றாவது வாரக் கடைசியில் போயம் 13.

கண்ணிமைக்கு டாக்ரோலிமஸ் களிம்பு, ஸ்டீராய்டு இல்லாதது. முதல் நாலு நாள் மிளகாய்க் கையால் கண்ணைத் தொட்ட மாதிரி எரியும், இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். ஃபிரிட்ஜில் வைத்துப் பூசினால் தாங்கலாம். ஐந்தாம் நாளிலிருந்து எரிச்சல் இல்லை, இமை பழையபடி ஆனது. காசுக்குத் தகும்.

கழுத்தும் விரலும் மட்டும் அடங்கவில்லை, அதனால் பேட்ச் டெஸ்ட். எது பட்டால் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, முதுகில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் சந்தேகப் பொருள்களை வைத்து டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுவார்கள். குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது. இதை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளுங்கள், நான் பங்குனியில் செய்து டேப் பாதி கழன்று, திரும்ப முதலிலிருந்து. எனக்கு நிக்கலும், வாசனைப் பொருள் கலவையும் சிவந்து தடித்தன. நிக்கல் என்றால் கவரிங் செயின், ஜீன்ஸ் பொத்தான், அப்புறம் நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கும் மலிவான கத்திரிக்கோல். வாசனை என்றால் சோப்பு, துணி துவைக்கும் லிக்விட், அந்த எட்டுப் பாட்டிலில் ஆறு. உணவுப் பரிசோதனைக்குக் கொடுத்த காசை இதற்கு முதலிலேயே கொடுத்திருக்கலாம்.

அடுத்த வருஷம் சித்திரையில் பெரிதாகக் கிளம்பி 21-க்குப் போனது. அப்போது ஒளி சிகிச்சை எடுத்தேன், ஒரு தனியார் கிளினிக்கில். ஆறடி அலமாரி மாதிரி ஒரு பெட்டி, உள்ளே நாலு பக்கமும் ஊதா வெளிச்சக் குழல்கள், 311 நானோமீட்டர் அலைநீளம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். முதல் நாள் அரை நிமிஷம் கூட இல்லை, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று அம்மா கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள், வாரம் மூன்று நாள். பத்தாவது தடவைக்கு மேல்தான் அரிப்பு குறைந்தது, இருபத்திரண்டாவதில் 12. ஆனால் திருப்பூரிலிருந்து கோவைக்குப் போக வர மூன்று மணி நேரம், வாரம் மூன்று நாள் பெர்மிஷன், மேனேஜர் முகம் கறுத்தது. என் முகமும் கறுத்தது, அது அந்த வெளிச்சத்தின் குணம், பெண் பார்க்க வருகிற நேரத்தில் ஏண்டி இது என்று அத்தை புலம்பினார்கள். நடுவில் ஷிப்மென்ட் என்று இரண்டு வாரம் போகவில்லை. திரும்பப் போனபோது நேரத்தைக் குறைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும், அங்கே இருந்தவர் அட்டையைப் பார்க்காமல் பழைய நேரத்துக்கு மேல் ஏற்றிவிட்டார். ராத்திரி முழுக்க முதுகு தீப்பட்ட மாதிரி. அதனால் சொல்கிறேன், உங்கள் அட்டையில் எத்தனை விநாடி என்று நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போகாத நாள் எண்ணிக்கையை உள்ளே போகுமுன் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல சிகிச்சை, தூரமென்றால் யோசியுங்கள்.

மாத்திரை கடைசியாக, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் வகை. மெத்தோட்ரெக்சேட் பற்றிப் பேச்சு வந்தது, வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுவது, தெரியாமல் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கல்யாணம், குழந்தை யோசனை இருக்கிறதா என்று டாக்டர் நேராகக் கேட்டார், கர்ப்பத்தில் அது கூடவே கூடாது. அம்மா பக்கத்தில் இருந்தார்கள், நான் பதில் சொல்லத் திணறினேன், டாக்டரே சைக்ளோஸ்போரினுக்கு மாற்றிவிட்டார். 54 கிலோ எடைக்குக் காலை 75, இரவு 75 மில்லிகிராம். அட்டையைப் பிய்த்தாலே மூக்கில் ஏறும் ஒரு நெடி. வேலை செய்யும் வேகம் சொல்லி மாளாது, மூன்றாவது வாரத்தில் போயம் 5. ஆனால் சிறுநீரகத்தையும் பிரஷரையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கிரியாட்டினின். ஆறாவது வாரம் பிரஷர் 140/90 ஆனதும் அளவைக் குறைத்தார்கள். கன்னத்தில் பூனை மயிர் வந்தது, நிறுத்தியதும் போனது. இதை ஒரு வருஷத்துக்கு மேல் இழுக்க டாக்டர்கள் விரும்புவதில்லை, எனக்கு ஐந்து மாசத்தில் படிப்படியாக நிறுத்தினார்கள்.

இதற்கு மேலே உள்ள படிகளை நான் ஏறவில்லை, விசாரித்ததை மட்டும் சொல்கிறேன். டுபிலுமாப் ஊசி 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, முதலில் இரண்டு, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று, கண் சிவப்பது அதன் தெரிந்த தொல்லை. விலையைக் கேட்டுவிட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஜேஏகே வகை மாத்திரைகளில் (அழற்சியைத் தூண்டும் சைகையைத் தடுப்பவை) உபாடாசிடினிப், அப்ரோசிடினிப் இரண்டும் 2022-இல் அங்கே எக்ஸிமாவுக்கு அனுமதி பெற்றவை. டோஃபாசிடினிப் மூட்டுவாதத்துக்கு வந்த மருந்து, விலை குறைவு என்பதால் இங்கே தோல் டாக்டர்கள் எக்ஸிமாவுக்கும் எழுதுகிறார்கள். இந்த வகைக்கே இதயம், ரத்தக்கட்டு, புற்றுநோய் பற்றி 2021-இல் அமெரிக்க மருந்துத் துறை மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டது. மறைந்திருக்கும் காசநோய் கிளம்பலாம் என்பதால் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் பார்க்காமல் யாராவது கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். எனக்குத் திரும்ப 20-ஐத் தாண்டினால் இதுதான் அடுத்தது என்று டாக்டர் சொல்லி வைத்திருக்கிறார், பரிசோதனைகளை எடுத்துத் தயாராக வைத்திருக்கிறேன்.

ஈரக்கட்டுத் துணி எங்கே கிடைக்கும் என்று கேட்கப் போகிறீர்கள். திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் வந்தால் கட் பீஸ் கிலோ கணக்கில் கிடைக்கும். நூறு சதவீதம் பருத்தி, ஆர்எஃப்டி, சாஃப்ட்னர் போடாதது, கைக்கு ஒன்றுக்கு ஒன்று ரிப், காலுக்கும் உடம்புக்கும் 180 ஜிஎஸ்எம் இன்டர்லாக், வெட்டாத குழாயாகவே வேண்டும் என்று கேளுங்கள். ஒரு கிலோ எடுத்தால் இரண்டு பேருக்கு வரும். போன மாசம் நான் வாங்கப் போனபோது கடைக்காரர் என்ன ஆர்டர், எந்த நாட்டுக்கு என்று கேட்டார். கையை மடித்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, உள்ளே போய், அவர் பேத்திக்கு என்று கேட்டு ஒரு பேப்பரில் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டார், விரல்கோட்டுக் கணக்கையும் சேர்த்து.